மருதனார்மடமும் உடுவிலும்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மருதனார்மடத்தை நன்கு அறிவர். சைவப் பெண்பிள்ளைகளுக்கென சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய கல்லூரி அங்கே இருக்கின்றது. அதற்கு அணித்தே, உடுவிலில், 1824ஆம் ஆண்டில் தோன்றிய மகளிர் கல்லூரி இருக்கின்றது. நடந்தே சென்றடையக்கூடிய இவ்விரண்டு வாயில்களுக்கும் இடையே எண்பத்தொன்பது ஆண்டுகள் கிடக்கின்றன.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். பெண்ணுக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை என்று பலர் எண்ணிய அக்காலத்தில், ஹரியற் வின்சுலோ அம்மையார் உடுவிலிற் சிறுமியரைச் சேர்த்து, உண்டியும் உடையும் உறையுளும் அளித்து, எழுத்தோடு தையலும் பயிற்றுவித்தார். படிப்பை முடிக்கும்வரை தங்கிய பெண்களுக்கு மிஷன் சீதனமும் வழங்கியது. பூப்பெய்திய பெண் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவாள். அதற்கு முந்திய சில ஆண்டுகளே கிடைக்கும் காலம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1840ஆம் ஆண்டளவில் வந்த எலிசா அக்னியு அம்மையார் தாய்நாடு திரும்பாமலே இப்பணியில் மூத்து, 1883இல் மறைந்தார்.

மதமாற்றமே அவர்களின் நோக்கம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், பத்து, பன்னிரண்டு வயதின் அருமையை அவர்கள் அறிந்திருந்த அறிவு எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. மிஷன் பாடசாலையிற் பயின்ற ஆறுமுக நாவலர் அதனை நன்கு கண்டுகொண்டார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், சிறுவருக்கெனப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதியதும் அதனாலேயே.

இன்றும் தேவாலயங்களின் ஓய்வுநாட் பாடசாலைகளில் அவ்வயதுப் பிள்ளைகள் பாடுகின்றனர், வேதம் வாசிக்கின்றனர், ஐயங்களைக் கேட்கின்றனர். தமக்கும் அங்கே ஓரிடமும் ஒரு பொறுப்பும் உண்டென்று உணர்கின்றனர். நம் பிள்ளைகளோ திருவிழாக் கூட்டத்திலே தந்தையின் கைபிடித்து நிற்பதோடு அமைகின்றனர். அறநெறி வகுப்புகள் இல்லாமலில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் அதன்பின் வரும் தனியார் வகுப்புகளும் ஞாயிறு காலையையும் விழுங்கிவிடுகின்றன.

“இது ஏன்?” என்று பிள்ளை மெய்யாக வினவத் தொடங்குவது இவ்வயதிலேதான். அப்போது விடை சொல்ல எவரும் இல்லையாயின், பதினைந்தில் அது வினவுவதையே விட்டுவிடும். பெற்றோரே, கிழமையில் ஒரு காலையையேனும் அவ்வினாக்களுக்கென ஒதுக்கி வையுங்கள். இரண்டு வாயில்களுக்கிடையே கிடந்த எண்பத்தொன்பது ஆண்டுகளை ஒரு சமூகம் பொறுத்துக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு அத்தனை காலம் இல்லை.