கோவில்தோறும் ஒரு பள்ளிக்கூடம்

மலையாள நாட்டிலே, கோட்டயம் நகருக்கு அருகே, வயல்களும் நீர்நிலைகளும் சூழ்ந்த மன்னானம் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள குன்றின்மேல் அமைந்த சூசையப்பர் மடத்துக் கோவிலிலே புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளாரின் கல்லறை உள்ளது. அண்மையில் அங்கே திருப்பலி நிறைவேற்றும் பேறு நமக்குக் கிட்டியது. கல்லறையருகே முழந்தாளிட்டபோது நம் நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. அதனை இறுதியில் கூறுவோம்.

மலையாளத்தில் கோவிலைப் 'பள்ளி' என்பர்; கற்குமிடத்தை நம்மைப் போலவே 'பள்ளிக்கூடம்' என்பர். பழந்தமிழில் பள்ளி என்பது சமண முனிவரின் உறைவிடத்தையும் குறித்தது. துறவியர் தங்கிய இடமே பிள்ளைகள் எழுத்தறியும் இடமுமாயிற்று. அச்சொல்லின் பொருளை வாழ்ந்து காட்டியவர் சாவரா அடிகளார்.

1805-இல் பிறந்த அவர், தம் மூத்த குருக்கள் இருவரோடு சேர்ந்து இம்மடத்தை நிறுவினார். 1831-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1846-இல் இங்கே ஒரு வடமொழிப் பள்ளி தோன்றியது. ஓர் அச்சகமும் எழுந்தது. 1861-இல் சீரியன் கத்தோலிக்கருக்கு முதன்மைக் குருவாக நியமனம் பெற்ற அடிகளார், 1864-இல் கோவில்தோறும் ஒரு பள்ளிக்கூடம் அமைய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார்.

திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல்தான். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவு அதற்குப் பின்னரும் அடைத்தே கிடந்தது. அவர்களுக்காக மன்னானத்திலும் ஆர்ப்பூக்கரையிலும் அடிகளார் பள்ளி தொடங்கினார். ஆயினும் பசித்த வயிற்றில் பாடம் ஏறுமோ? ஆகவே இல்லந்தோறும் சோறு சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்குமாறு தாய்மாரைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பிடியரிசியே ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவாயிற்று. 1871-இல் அவர் கூனம்மாவில் இறைவனடி சேர்ந்தார். 1889-இல் அவருடைய திருப்பண்டங்கள் இக்குன்றிற்குக் கொணரப்பட்டன. 2014-இல் திருச்சபை அவரைப் புனிதர் எனப் பிரகடனம் செய்தது.

இனி நம் பாரத்தைக் கூறுவோம். நமது பங்கின் தொடக்கப்பள்ளியில் இன்று 23 பிள்ளைகளே உள்ளனர். ஆங்கிலப் பள்ளிகளின் வண்டிகள் ஊர்நடுவே வந்து நிற்கின்றன. கோவில் குடும்பங்களின் பிள்ளைகளே அவற்றில் ஏறிச் செல்கின்றனர். பள்ளியை மூடிவிட்டுத் திருமண மண்டபம் கட்டலாம் எனப் பங்குப் பேரவையிலே பேச்செழுந்தது. உண்மையைச் சொன்னால், நாமும் அரைமனதாய் இசைந்திருந்தோம். எஞ்சியுள்ள அந்த 23 பேர் யார் என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அனைவரும் கூலி வேலை செய்வோரின் மக்கள். வண்டிக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள். சாவரா அடிகளார் தேடிச் சென்றது இத்தகைய பிள்ளைகளையன்றோ!

ஊர் திரும்பியதும், மண்டபம் வேண்டாமென்று பேரவையில் கூறிவிட்டோம். இன்று மதிய உணவை அரசு வழங்குகிறது. ஆனால் பள்ளியின் கூரை ஒழுகுகிறது. வரும் ஞாயிறு முதல் கோவில் வாயிலிலே ஒரு மண்பானை இருக்கும். தாய்மார்களே, உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வையுங்கள். திருப்பலிக்குப் பின் அதனை ஏலமிட்டு, மழைக்காலத்திற்கு முன்னரே ஓடு மாற்றுவோம். இயலுமாயின் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரையும் அனுப்புங்கள். அப்போது அந்தக் கூரையின்கீழ் 24 பேர் இருப்பர்.