தாத்தா சேர்த்த வெள்ளி, பேரன் கலந்த செம்பு

வெள்ளிக்காசு வாங்கிப் பூட்டி வை என்று சொல்வது வீட்டுப் பாட்டிகளின் வழக்கம். ஜெர்மனியில் ஒருவர் அதை உத்தரவாகவே போட்டார். பிரௌன்ஷ்வைக் வோல்ஃபன்பூட்டல் நாட்டை ஆண்ட யூலியுஸ்தான் அவர். ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வெள்ளி கிடைத்தது. 1574 முதல் பெரிய பெரிய காசுகளாக அச்சடித்தார். வசதிக்கேற்ப குடிமக்கள் வாங்க வேண்டும், செலவழிக்கக் கூடாது. நாட்டுக்கு ஆபத்து வந்தால் உதவுமாம்! வாங்கியவர்கள் சிரித்த முகத்தோடு வாங்கியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அந்தக் காலத்து முழுக்காசுக்குத் தாலர் என்று பெயர். ஒன்றில் ஏறக்குறைய 26 கிராம் சுத்த வெள்ளி. டாலர் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான்.

மகன் ஹைன்ரிஷ் யூலியுஸ் வேறு ரகம். தன்னோடு மோதிய பிரபுக்களைக் காசிலேயே கிண்டல் செய்தார். சிங்கத்தைக் குளவிகள் மொய்க்கும் தாலர் ஒன்று உண்டு. சிங்கம் யார் என்று சொல்ல வேண்டுமா என்ன?

பேரன் ஃப்ரீட்ரிஷ் உல்ரிஷ் காலத்தில்தான் வினை வந்தது. 1618-இல் போர் மூண்டது. படைக்குப் பணம் வேண்டும். அவர் நாட்டில் மட்டும் டஜன்கணக்கில் நாணயச் சாலைகள் முளைத்தன. அக்கம்பக்கத்து நாடுகளும் சளைக்கவில்லை. சில்லறைக் காசில் வெள்ளியைக் குறைத்து, செம்பைக் கூட்டி, மேலே மட்டும் வெளுப்பேற்றினார்கள். செம்புப் பாத்திரங்கள்கூட உலைக்குப் போயின. தராசோடு ஊர் ஊராக அலைந்தவர்கள் கனமான பழைய காசைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மட்டக் காசைத் தள்ளிவிட்டார்கள். தராசுத் தட்டு ஏறி இறங்குவதை வைத்தே அந்தக் காலத்துக்கு ‘கிப்பர் விப்பர்’ என்று பெயர் வந்தது.

1566-இல் ஒரு தாலருக்கு 68 குரோய்ட்சர் சில்லறை. 1622-இல் தெற்கு நகரங்கள் சிலவற்றில் 600 கேட்டார்கள். வியாபாரி விலையை ஏற்றிக்கொள்ளலாம். மாதச் சம்பளம் வாங்கும் வாத்தியார் என்ன செய்வார்? வட்டியை நம்பியிருந்த விதவை? விவசாயிகள் அந்தக் காசை வாங்க மறுத்தார்கள். மக்டபுர்க்கில் கலவரமே வெடித்தது.

வேடிக்கை என்னவென்றால், வரியாகத் திரும்பி வந்ததும் அதே மட்டக் காசுதான். அரண்மனைக் கஜானாவே அதனால் நிரம்பியபோதுதான் ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. 1623 வாக்கில் பழைய தரத்துக்குத் திரும்பினார்கள். மட்டக் காசைச் சேர்த்து வைத்திருந்த வீடுகளுக்கு, அதிலிருந்த உலோகத்தின் விலைதான் மிஞ்சியது.