இல்லாத இடத்தின் கணக்கு

வீட்டில் ஒரு சிறு வழங்கி வைத்திருக்கிறேன். 1 டெராபைட் வட்டு, அதன்மேல் பிராக்ஸ்மாக்ஸ், அதற்குள் மூன்று மெய்நிகர்க் கணினிகள். ஒவ்வொன்றும் தனக்கு 500 ஜிகாபைட் இருப்பதாக நம்புகிறது. கூட்டினால் 1,500. பொய் சொல்வது யார்?

யாருமில்லை. ‘தின் பூல்’ என்னும் பொதுக்கிடங்கு அப்படித்தான் இயங்குகிறது. கேட்ட அளவுக்கு வாக்குக் கொடுத்துவிடும். தரவு எழுதப்படும்போது மட்டுமே இடத்தை எடுத்துத் தரும். அழைத்தவர் அனைவரும் ஒரே பந்தியில் அமரமாட்டார்கள் என்று நம்பும் கல்யாண வீட்டின் துணிச்சல் அது. அமர்ந்துவிட்டால்? கிடங்கு நிரம்பியதும் அதை நம்பிய எல்லாக் கணினிகளிலும் எழுதுவது தடைபடும். கோப்பமைப்பே சிதையவும் கூடும்.

அழித்தாலும் இடம் உடனே திரும்புவதில்லை. உள்ளிருக்கும் கணினி கோப்பை மறக்கிறது, கிடங்கு மறப்பதில்லை. மெய்நிகர் வட்டுக்கு ‘டிஸ்கார்ட்’ வசதியை இயக்கி, உள்ளே ‘எஃப்எஸ்டிரிம்’ கட்டளையும் தந்தால்தான் செய்தி கீழே போய்ச் சேரும்.

இக்கணினிகளுள் ஒன்று, மறைந்த என் தந்தையின் குரல் பதிவுகளைக் கேட்பதற்கானது. அப்பதிவுகளை மட்டும் கிடங்கில் வைக்கவில்லை. தொடக்கத்திலேயே முழு இடமும் ஒதுக்கப்பட்ட தனி வட்டில் அவை இருக்கின்றன. பிரதியொன்று உறவினர் வீட்டில். மற்றவற்றுக்காக, கிடங்கு எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று வாரந்தோறும் பார்த்துவிடுகிறேன்.

உள்ளே தெரியும் எண் வாக்குறுதி. வெளியே தெரியும் எண்ணே கையிருப்பு. சிலவற்றை வாக்குறுதியின்மேல் வைக்கலாம். குரல்களை வைக்க மனம் வரவில்லை.