சிவப்பு மூடி ஊசியும் பூனையின் சர்க்கரையும்

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று உறுதியானதும் மும்பையில் முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் மனிதருக்கான இன்சுலின்தான். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. குப்பியில் பெரும்பாலும் 40 என்ற எண் இருக்கும். ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் என்று பொருள். அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் இருப்பது 100 யூனிட். அந்தச் செறிவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. பூனைகளுக்கென்றே அமெரிக்காவில் விற்கப்படும் புரோசிங்க் போன்ற இன்சுலினும் 40 யூனிட் செறிவே. பல நாடுகள் மனிதருக்குக் கைவிட்ட இந்த 40 எங்கிருந்து வந்தது? இதை எழுதுபவரின் தேடல் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

விடை டொரண்டோவில் இருக்கிறது. 1921இல் அங்கே பாண்டிங், பெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணையச் சாற்றை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தார்கள். 1922 ஜனவரி 11ஆம் தேதி லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அந்தச் சாறு தூய்மையாக இல்லை. அவர்களோடு பணியாற்றிய காலிப் அதைத் தூய்மைப்படுத்திய பிறகே பலன் தெரிந்தது. அன்றைக்கு இன்சுலினை நிறுத்து அளக்க வழியில்லை. 24 மணி நேரம் பட்டினி கிடந்த, 2 கிலோ எடையுள்ள முயலின் சர்க்கரையை எவ்வளவு சாறு வலிப்பு வரும் அளவுக்கு இறக்குகிறது என்பதைக் கொண்டே யூனிட் வகுக்கப்பட்டது. பின்னால் சாறு தூய்மையாகத் தூய்மையாக, அதே யூனிட் குறைந்த நீரில் அடங்கியது. செறிவு படிப்படியாக ஏறியது. 40ம் 80ம் பல பத்தாண்டுகள் ஒன்றாக நடமாடின. இரண்டு அளவுகள் இருந்ததால் நோயாளிகள் குழம்பினார்கள். அமெரிக்கா 1970களிலும் பிரிட்டன் 1983இலும் 100க்கு மாறின. இந்தியாவில் கார்ட்ரிட்ஜ் 100 செறிவில் வந்தது, குப்பி பெரும்பாலும் மாறவில்லை.

மாறாத அந்தக் குப்பி பூனைக்கு நல்லதாகவே அமைந்தது. நான்கு கிலோ பூனைக்குத் தொடக்கத்தில் பொதுவாகக் கொடுப்பது 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 1 யூனிட், அதிகம் போனால் 2. 40 செறிவில் ஒரு யூனிட் 0.025 மி.லி., 100 செறிவில் 0.01 மி.லி. மட்டுமே. இவ்வளவு சிறிய அளவை எடுக்கும்போது நீர்த்த மருந்தில் கை தவறுவது குறைவு.

ஆனால் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 100 செறிவு மருந்தை ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். பூனையின் உடல் அதைத் தாங்காமல் போகலாம். இன்னொன்று: இந்திய வீடுகளின் குளிர்பெட்டியில் அடிக்கடி காணப்படுவது 30/70 கலவை இன்சுலின். தாத்தாவின் குப்பியிலிருந்து பூனைக்கு எடுக்கவே கூடாது. அதிலுள்ள விரைவு இன்சுலின் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

எந்த இன்சுலின் என்ற கேள்வி பூனையின் உடலுக்கே இட்டுச் செல்கிறது. பூனையின் இன்சுலின் மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில் வேறுபடுகிறது. மனித இன்சுலினிலிருந்து நான்கில். மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த, நீண்ட நேரம் வேலை செய்யும் வகை பூனை மருத்துவத்தில் வெகுகாலம் நீடித்ததற்கு இது ஒரு காரணம். நோயின் தன்மையோ மனிதரின் இரண்டாம் வகைக்கு நெருங்கியது. மனிதக் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் தீவுகளில் படியும் ஒரு பொருளை 1901இல் ஓபி என்ற ஆய்வாளர் விவரித்தார். அதிலுள்ள புரதம் 1987இல்தான் பிரித்தறியப்பட்டது. அப்போது ஆராயப்பட்டவற்றுள் சர்க்கரை நோயுற்ற பூனையின் கணையமும் ஒன்று. மனித நோயைப் புரிந்துகொள்ள உதவிய இந்த விலங்குக்கு இன்றைக்கு மனித மருந்து உதவுகிறது. இதை ஒரு கடன் தீர்ப்பாகவே கொள்ளலாம்.

இன்று பூனைக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுபவற்றுள் ஒன்று, நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலின். ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக நோய் கண்ட 24 பூனைகள் மூன்று குழுக்களாகச் சிகிச்சை பெற்றன. எல்லாவற்றுக்கும் மாவுச்சத்து குறைந்த உணவு. கிளார்ஜின் பெற்ற எட்டும் ஊசியே தேவைப்படாத நிலையை எட்டின. மற்ற இரண்டு குழுக்களில் மூன்றும் இரண்டும். சிறிய ஆய்வுதான், ஆனாலும் தொடக்கத்திலேயே கவனமாக நடத்தினால் நோய் பின்வாங்கக்கூடும் என்ற நம்பிக்கை இதனால் வலுத்தது. நடுத்தர நேரம் வேலை செய்யும் என்.பி.ஹெச். வகை இன்சுலின் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் பூனை உடலில் 12 மணி நேரம் நிற்பதில்லை. மலிவைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பது சரியான சிக்கனம் ஆகாது.

உணவில்தான் மும்பையின் தமிழ் வீடுகள் முதலில் மாற வேண்டும். மாட்டுங்காவின் சைவ வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பாலும் தயிர்ச்சாதமும். பிற வீடுகளில் பாலில் ஊறிய பிஸ்கட். பூனை இறைச்சியை நம்பி வாழும் விலங்கு. மாவுச்சத்தைக் கையாளும் நொதிகள் அதன் ஈரலில் குறைவு. உலர் தீவனத்திலும் மாவு நிறைய உண்டு. ஈர உணவுப் பொட்டலம், உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஆகியவை நல்லவை. தாராவி கோலிவாடாவிலோ செம்பூர்ச் சந்தையிலோ வாங்கிய மீனை வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் மீன் மட்டுமே உணவாகிவிடக் கூடாது, கருவாடு கூடவே கூடாது. மாவைக் குறைத்தால் இன்சுலின் தேவையும் குறையும். ஊசி தொடங்கிய பின் மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். குண்டான பூனையைப் பட்டினி போடுவது இன்னும் மோசம். சில நாள் உண்ணாவிட்டாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடாத, வாந்தி எடுத்த நாளில் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சர்க்கரை தாழ்ந்தால் பூனை தள்ளாடும், சோர்ந்து கிடக்கும், வலிப்பும் வரலாம். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். வீட்டில் காது நுனியில் குத்தி அளப்பது நம்பகமானது. மனிதருக்கான கருவி பூனை ரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்பது நினைவில் இருக்கட்டும். மருத்துவமனை மேசையில் பயத்தாலேயே சர்க்கரை ஏறும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து அளவைக் கூட்டக் கூடாது.

பூனையைத் தூக்கிச் செல்லும் மருத்துவமனையும் தொலைவில் இல்லை: மாட்டுங்காவிலிருந்து ரயிலில் சற்றுத் தூரத்திலேயே பரேல். 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடைக் கல்லூரியும், அதற்கும் முன்பே தொடங்கிய பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. இன்சுலின் பிறப்பதற்கு 35 ஆண்டுகள் முன்பே இந்த நகரத்தில் கால்நடை மருத்துவக் கல்வி வேரூன்றிவிட்டது.

இனி மருந்தைப் பாதுகாப்பது பற்றி: குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் இன்சுலினைக் காக்க முடியும். தண்ணீர் ஊற்றிய மண்பானையின் நடுவில், நீர் புகாத உறையிலிட்டுக் குப்பியை வைப்பது நம் நாட்டில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். பயன்பாட்டில் உள்ள குப்பி அப்படி ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். வெயிலில் வைக்கக் கூடாது, உறையவும் விடக் கூடாது.

மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: யூனிட் எண்ணோடு நிறுத்தாமல், குப்பியின் செறிவு 40ஆ 100ஆ, சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்பதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.