நூறு ரூபாய்க் கல்விப்படி

மாதச் சம்பளக்காரர் பலரின் சம்பளச் சீட்டில் 'குழந்தைகள் கல்விப்படி' என்றொரு வரி இருக்கும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ், அதில் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 100 ரூபாய்க்குத்தான் விலக்கு இருந்தது. விடுதியில் தங்கிப் படித்தால் இன்னும் 300. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கிடையாது. பள்ளிக் கட்டணம் எத்தனையோ மடங்கு ஏறியபோதும், இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நூறு அசையவே இல்லை.

தொழிலின் வழியாகப் படிப்புக்குப் பணம் வருவது தென்காசி வட்டாரத்துக்குப் பழக்கமானதுதான். கடையம், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். 1976இல் வந்த சட்டத்தால் பீடிக்குத் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர் நலநிதி நடந்தது. மருத்துவமனை, வீடு, பிள்ளைகளுக்கு உதவித்தொகை எல்லாம் அதிலிருந்துதான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது தீர்வை போயிற்று, உதவித்தொகை நிற்கவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கு 25,000 வரை. மடியில் தட்டோடு நாளெல்லாம் குனிந்திருக்கும் தாய்க்கு, மகளின் கல்லூரிக் கட்டண நாளில் அது பெரிய பணம். படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு வருமான வரியும் கிடையாது, உச்சவரம்பும் கிடையாது. இந்த இடத்தில் சட்டத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த மகள் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் பட்டம் வாங்கி, வேலைக்கும் போய், மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்விக்குச் சொந்தச் சம்பளத்திலிருந்து பணம் கட்டுகிறாள். அதற்குக் கழிவு இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80சி பிரிவு, பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள், பிள்ளைகளின் கட்டணத்தை மட்டுமே ஏற்றது. கடன் வாங்கிப் படித்தால் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் சலுகை உண்டு. கையிலிருந்த காசைக் கட்டியவளுக்கு ஒன்றுமில்லை. புதிய வரிமுறையில் இருந்தால் இந்த இரண்டு சலுகையுமே போய்விடும்.

நிறுவனமே செலவழித்தால் கதை வேறு. ஊழியரின் பணிப் பயிற்சிக்கு முதலாளி செய்யும் செலவு ஊழியரின் வருமானத்தில் சேராது. மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, தன் பள்ளியில் கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்துப் பிள்ளைகளைப் பழக்குகிறது. அப்படியொரு இடம் எல்லோருக்கும் வாய்க்காது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர் ஒருவருக்குக் கணக்கு எப்படி? முதலாளி தரும் படிப்புச் செலவில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லை. அந்தப் பணத்தைக் காட்டி வரிச்சலுகை கேட்க முடியாது. ஒரே டாலருக்கு இரண்டு சலுகை இல்லை. ஆனால் கட்டணம் 8,000 என்றால், தானே கட்டிய மிச்சம் 2,750க்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், 20 சதவீதமாக 550 டாலர் வரியில் கழியும். முதலாளி கொடுத்ததற்கு ஒரு வழி, தொழிலாளி கட்டியதற்கு ஒரு வழி என்று இரண்டையும் அந்தச் சட்டம் பார்க்கிறது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு இடமில்லை. நிதியமைச்சகம் அடுத்த பட்ஜெட்டிலாவது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர் கட்டும் கட்டணத்துக்குக் கழிவு தர வேண்டும், இரண்டு வரிமுறைகளிலும்.