விலை கேட்ட கதை

எங்கள் குடும்பத்தில் விலை கேட்கும் வழக்கம் இருந்ததில்லை. பேரம் பேசுவதைப் பெருமைக்குக் குறைவாகக் கருதிய செல்வக் குடும்பம் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. தந்தையார் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் யாவும் சாலை முனையிலிருந்த சீனர் கடையிலிருந்து கடனுக்கு வந்தன. கடைக்காரர் 555 என்னும் எண் அச்சிட்ட சிறு கையேட்டில் ஏதோ குறித்துக்கொள்வார். சம்பள நாளன்று கூட்டுத்தொகையைச் சொல்வார். தந்தையார் கொடுத்துவிட்டு வருவார். அந்தக் கையேட்டில் பொருளின் பெயரும் இராது, விலையும் இராது. தொகை மட்டுமே இருக்கும். கடனுக்கு வாங்குகிறவன் எந்த வாயால் விலை கேட்பான்?

நானோ ஆசிரியனானேன். தனிவட்டிக் கணக்கைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தேன். ஆயினும் முதன்முதலாக எனக்கென்று ஒரு கார் வாங்கியபோது, விற்பனையாளர் விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் வாய் பேசாமல் கையொப்பமிட்டேன். வட்டி எத்தனை விழுக்காடு என்பதை மூன்றாம் ஆண்டில், வேறொரு தாளைத் தேடும்போது, தற்செயலாகத்தான் பார்த்தேன். வகுப்பறைக் கணக்கு வேறு, வாழ்க்கைக் கணக்கு வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அதுவன்று. கேட்கக் கூச்சம், அவ்வளவே.

2017ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், பள்ளி விடுமுறை தொடங்கிய சமயம், கேமரன் மலையிலிருந்து என் தம்பி வந்தான். காய்கறி மொத்த வணிகர் ஒருவரிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக லோரி ஓட்டியவன். ஐம்பது வயது கடந்துவிட்டதால் ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்த பணத்தை எடுத்திருந்தான். இருபத்திரண்டாயிரம் வெள்ளி. அதை முன்பணமாகக் கட்டி ஒரு பிக்கப் வண்டி வாங்க வேண்டும்; கம்போங் ராஜா பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் முட்டைக்கோசையும் தக்காளியையும் தானே ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்க வேண்டும்; இனி ஒருவரிடம் கைகட்டி நிற்கக் கூடாது. இதுவே அவன் திட்டம். தோட்டங்களுக்குள் ஓடும் பழைய லேண்ட் ரோவர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது மலைச்சரிவில் உழைக்குமே தவிர, அன்றாடம் ஈப்போவுக்கு இறங்கி ஏறும் வேலைக்கு உதவாது.

“அண்ணே, பிணைக்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்” என்றான்.

அவனுடைய மகள் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் முதலாண்டு மாணவி. அந்த இருபத்திரண்டாயிரம் போனால் அவனிடம் வேறு சேமிப்பு இல்லை என்பதை நான் அறிவேன். தவணை தவறினால் வங்கி என் கதவையும் தட்டும் என்பதையும் அறிவேன்.

ஈப்போவில் ஒரு விற்பனைக் கூடத்துக்குப் போனோம். எங்களை வரவேற்றவர் தமிழ் இளைஞர், தமிழ்ப்பள்ளியில் படித்தவராம். நான் ஆசிரியர் என்று அறிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். இரட்டை இருக்கை வரிசை கொண்ட அந்த வண்டி, சாலை வரி, காப்புறுதி, பதிவுக் கட்டணம் அனைத்தும் உட்பட 98,600 வெள்ளி. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி தள்ளுபடி. அதற்கு மேல், பின்தட்டுக்கு உறை, மேற்கூடு, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஆகியவை இலவசம். அடுத்து அவர் கேட்ட கேள்வி இது:

“மாதம் எவ்வளவு கட்ட முடியும் ஐயா?”

தம்பி உடனே, “தொள்ளாயிரம்” என்றான். இளைஞர் பொறியைத் தட்டினார். ஒன்பது ஆண்டு, மாதம் 908 வெள்ளி. தம்பியின் முகம் மலர்ந்தது. தொள்ளாயிரம் கேட்டான், ஏறத்தாழத் தொள்ளாயிரமே கிடைத்தது. வேறென்ன வேண்டும்?

நான் ஒரு தாளை வாங்கிக் கணக்கிட்டேன். வண்டியின் விலை 97,100, முன்பணம் போகக் கடன் 75,100, வட்டி 3.4 விழுக்காடு. ஆண்டுக்கு 2,553 வெள்ளி நாற்பது காசு. ஒன்பது ஆண்டுக்கு ஏறத்தாழ இருபத்து மூவாயிரம். கணக்கு சரிதான். சங்கதி வேறிடத்தில் இருந்தது. நாம் வகுப்பில் கற்பிக்கும் தனிவட்டியில் கடன்காரன் இறுதியில்தான் முதலைத் திருப்பித் தருகிறான். இங்கோ மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் குறையாமல் முழு முதலுக்கே அப்போது போடப்பட்டது. ஒன்பதாம் ஆண்டு தொடங்கும்போது கடன் பத்தாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியிருக்கும். அந்த ஆண்டுக்கும் அதே 2,553 வெள்ளிதான்! உண்மையான வட்டி ஆறு விழுக்காட்டையும் தாண்டுகிறது. இத்தனை ஆண்டு மாணவர்களுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டாமல் போனேனே என்று அப்போது எனக்கே என் மேல் கோபம் வந்தது.

“மாதத் தவணையைப் பற்றிப் பிறகு பேசுவோம் தம்பி. முதலில் வண்டியின் விலையைப் பேசுவோம். இலவசங்கள் வேண்டா. அவற்றின் மதிப்பைப் பணமாகக் கழித்தால் எவ்வளவு?” என்று கேட்டேன்.

மேசைக்கு அடியில் என் தம்பி என் காலை மிதித்தான்.

அன்று முடிவு செய்யவில்லை. எழுத்தில் விலைக் குறிப்பு வாங்கிக்கொண்டு, அதே வண்டியை விற்கும் இன்னொரு கூடத்துக்குப் போனோம். அதே வகை, அதே வெள்ளை நிறம், அதே தயாரிப்பு ஆண்டு. இவற்றுள் ஒன்று மாறினாலும் இரு விலைகளை ஒப்பிடுவதில் பொருள் இல்லை. அங்கும் எழுத்தில் வாங்கினோம். அவர்கள் தள்ளியது 4,000 வெள்ளி. அதன்பின் இரண்டு வங்கிகளில் வட்டி விசாரித்தோம். கூடம் காட்டிய வங்கியில்தான் கடன் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, ஒப்பந்தத்துக்கு முன்பே விலை, முன்பணம், வட்டி ஆகிய விவரங்கள் எழுத்தில் நம் கைக்கு வர வேண்டும். அதைப் படிக்காமல் கையொப்பமிடும் உரிமையும் நமக்கு உண்டு. அந்த உரிமையை நான் ஒருமுறை பயன்படுத்தியவன்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் முதற்கூடத்துக்கே திரும்பினோம். அந்த வெள்ளை வண்டி இன்னும் பின்புறக் கொட்டகையில் நின்றது. சனவரி பிறந்தால் அது “போன வருட வண்டி” ஆகிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தம்பி அதைச் சுற்றி வந்தான். இங்கே அவன்தான் ஆசிரியன், நான் மாணவன். குனிந்து சக்கரத்தின் பக்கவாட்டிலிருந்த நான்கு இலக்க எண்ணைப் படித்தான். முதல் இரண்டு எண்கள் ஆண்டின் எத்தனையாம் வாரம் என்பதையும், பின் இரண்டு எந்த ஆண்டு என்பதையும் காட்டுமாம். ஐந்தும் ஒரே காலத்துச் சக்கரங்கள் என்று உறுதி செய்துகொண்டான். மழையில் நின்ற வண்டியின் அடிப்பாகத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று படுத்துப் பார்த்தான். எழுந்தபோது சட்டையெல்லாம் புழுதி.

மற்றக் கூடத்தின் தாளை மேசைமேல் வைத்தேன். இளைஞர் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்தார். நான்காயிரம் என்றார், பிறகு ஐயாயிரம், பிறகு ஐயாயிரத்து ஐந்நூறு. இருமுறை போய்வந்தவர் மூன்றாம் முறை போகவில்லை. எனக்குச் சூடு ஏறிவிட்டது. பல காலம் வாய் திறவாதவன் வாய் திறந்தால் அளவு தெரிவதில்லை போலும். “ஆறாயிரமாக முடித்துவிடுங்கள்” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு தாழ்ந்த குரலில், “கம்பெனி கொடுப்பது முடிந்துவிட்டது ஐயா. கடைசி ஆயிரம் என் கமிஷனிலிருந்து வருகிறது. இனி ஐந்நூறு கொடுத்தால் எனக்கு ஒன்றும் நிற்காது” என்றார்.

விற்பனையாளர் பேச்சு என்று நான் நினைத்தேன். எதிர்வாதமும் நாவில் வந்து நின்றது. தம்பி முந்திக்கொண்டான்.

“அது வேண்டாம் அண்ணே. அது அவர் கூலி.”

இருபது ஆண்டு கூலிக்கு லோரி ஓட்டியவனுக்கு அந்தக் குரல் பொய்யா மெய்யா என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. 93,100 வெள்ளிக்கு முடித்தோம்.

கடன் 71,100. வங்கி ஒன்று 3.1 விழுக்காட்டுக்கு இசைந்தது. ஒன்பது ஆண்டு வேண்டாம், ஏழே போதும் என்றேன். மாதம் 1,030 வெள்ளி. தம்பி தயங்கினான், தொள்ளாயிரம் என்ற எண் அவன் மனத்தில் ஊன்றிவிட்டிருந்தது. முதல்நாள் கணக்கையும் இந்தக் கணக்கையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினேன். முடிவில் வங்கிக்குப் போவது அதில் 98,080, இதில் 86,528. வேறுபாடு பதினோராயிரத்து ஐந்நூற்றுக்கும் மேல். அவன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இது பாப்பாவின் படிப்புச் செலவு” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். அவனுக்குக் கீழே நானும் போட்டேன், இம்முறை படித்துப் பார்த்துவிட்டு.

முதல் ஆண்டு துன்பமாகவே இருந்தது. தொடர்மழையில் இரண்டு மாதம் சரக்குக் குறைந்தது. ஒருமுறை நான் தவணை கட்டினேன். இதை அவன் மனைவிக்குச் சொல்லவில்லை. 2020இல் நாடு முடங்கியபோது வங்கிகள் ஆறு மாதத் தவணையை ஒத்திவைத்தன. அதனால் கடன் முடிவதும் சற்றுத் தள்ளிப்போனது. 2025இல் வண்டியின் மீதிருந்த வங்கியின் உரிமை நீங்கியதும் தொலைபேசியில் அழைத்தான்.

அந்த விடுமுறையில் மலைக்குப் போயிருந்தேன். சிம்பாங் பூலாய்ச் சாலையில் அவனுடன் ஏறும்போது, வண்டியின் முன்பெட்டியைத் திறந்து ஏதோ தேடினேன். நான் எழுதிக் காட்டிய பழைய கணக்குத்தாள் நான்காக மடித்தபடி கிடந்தது. அதன்மேல் ஒரு 555 கையேடு. தோட்டக்காரர்களின் கணக்காம். முட்டைக்கோசு இத்தனை கிலோ, கிலோ இன்ன விலை, தக்காளி இத்தனை பெட்டி என்று வரிவரியாக எழுதியிருந்தான்.

“தொகையை மட்டும் எழுதினால் போதாதா?” என்று கேட்டேன்.

“அவர்கள் கேட்க மாட்டார்கள், அண்ணே” என்று சொல்லி, வளைவில் வந்த லோரிக்கு வழிவிட்டான்.