மூட்டையில் ஒரு பழைய புடவை

எங்கள் வீடு குரோம்பேட்டையில், ரெயில் பாதையை ஒட்டினாற்போல் இருக்கிறது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் விட்டார்களே, அதே பாதைதான். கொஞ்சம் தள்ளி ஜி.எஸ்.டி. ரோடு. தலைக்கு மேலே மீனம்பாக்கத்து ஆகாய விமானங்கள். இத்தனை அமர்க்களத்துக்கு நடுவே என் பெண் பிறந்தது முதல் தூளியில் சொகுசாகத் தூங்கி வந்தாள். "எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் இவள் தூங்குவாள்" என்று ஆபீசில் நான் ஜம்பம் அடித்துக்கொண்டதும் உண்டு.

அந்த ஜம்பம் எட்டாம் மாதத்தில் அடங்கியது. எங்களோடு தங்கியிருந்த என் மாமியாரைத் திருநெல்வேலியில் கொண்டுவிடப் புறப்பட்டோம். இரவு தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும். நான் படித்தவள் அல்லவா? ஒரு யுக்தி செய்தேன். பகலில் குழந்தையைத் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டே இருந்தால், ரெயிலில் ஏறியதும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவாள் என்பது என் கணக்கு.

இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். நாலு மாதம் முதல் பதினோரு மாதம் வரையுள்ள குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பகல் பங்கைப் பிடுங்கிக்கொண்டால் அது இரவுக் கணக்கில் வரவாவதில்லை. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை தூக்கத்தோடு சண்டைதான் போடும்.

என் பெண்ணும் போட்டாள். செங்கல்பட்டு தாண்டியது, அழுகை. விழுப்புரம் தாண்டியது, இன்னும் பெரிய அழுகை. பெட்டியில் இருந்தவர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு புரண்டு படுத்தார்கள், கடைசியில் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சு இருக்கிறதே, அது திட்டுவதைவிட மோசம். எதிர்ப் பலகை அம்மாள் தாழ்ந்த குரலில், "ஜலதோஷ மருந்து வைத்திருக்கிறீர்களா? அரை ஸ்பூன் கொடுங்கள். மதுரை வரைக்கும் மூச்சு விடாது" என்றாள்.

எனக்காக வாங்கிய சிரப் பையில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: எடுத்தேன், ஸ்பூனில் ஊற்றியும் விட்டேன்.

"அந்தச் சீசாவைக் கீழே வை, தாயி" என்றார் மாமியார். சத்தம் போடவில்லை. "என் தங்கச்சி பிள்ளைக்கு இப்படித்தான் ஒருக்கா கொடுத்தாவ. மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழும்பல. பிழைச்சது தெய்வச் செயல்."

அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி மருந்துகளில் தூக்கம் என்பது பக்க விளைவு. குழந்தையின் மூச்சையே மந்தப்படுத்திவிடலாம். சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் பரபரப்பைக் கிளப்பும். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சீட்டிலேயே அச்சிடும்படி, 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா உத்தரவிட்டது. ஸ்பூனில் இருந்ததை ஜன்னல் வழியே கொட்டினேன். என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாமியார் தம் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே எங்கள் வீட்டுத் தூளிப் புடவை! துவைக்காத புடவையை எதற்குச் சுருட்டி வைத்துக்கொள்கிறார் என்று புறப்படும்போது நான் மனத்துக்குள் முகம் சுளித்திருந்தேன். எதிரெதிர் மேல் பலகைகளின் சங்கிலிகளில் முடிச்சுப் போட்டு, எங்கள் மடி உயரத்துக்குத் தாழ்வாகத் தொங்கவிட்டார். விளக்கை அணைக்கச் சொன்னார். வீட்டில் தினம் முனகும் அதே ராகத்தில் முனகினார். புடவையில் வீட்டு வாசனை இருந்தது போலும். ஐந்தே நிமிஷத்தில் அழுகை ஓய்ந்தது. ஆனால் நாங்கள் ஓயவில்லை. வண்டி பிரேக் போடும்போதெல்லாம் தூளி ஆடிற்று. ஆகவே ஒருவர் மாற்றி ஒருவர் கையால் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். ஆழ்ந்து தூங்கியதும் எடுத்துக் கீழ்ப் பலகையின் உட்புறத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, விளிம்பில் நான் அணையாக உட்கார்ந்தேன்.

2022 மே மாதத்தில் லக்னோ மெயிலில் கீழ்ப் பலகையோடு சேர்த்துக் குழந்தைக்கென்று ஒரு சின்னப் பலகை பொருத்திப் பரீட்சை பார்த்தார்கள். நல்ல யோசனைதான். அதை வடிவமைத்தவர்கள் என் மாமியாரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஊருக்குப் போயும் வேடிக்கை தீரவில்லை. அங்கே ராத்திரி எட்டு மணிக்கே ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். என் பெண் இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு விழித்தாள். குரோம்பேட்டைக் குழந்தைக்குச் சப்தம்தான் தாலாட்டு என்று எங்களுக்கு மூன்றாம் இரவுதான் உறைத்தது. மூலையில் கிடந்த பழைய மேஜை மின்விசிறியை, காற்று அவள்மேல் படாமல் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார் என் கணவர். அது கடகடவென்று முழங்கிற்று. அவள் தூங்கினாள். மாமனார்தான் தூங்கவில்லை.

திரும்பி வரும்போது பகலில் இரண்டு முறை தூங்கவைத்து, மாலையில் வயிறு நிறையப் பாலூட்டி, அதே புடவையோடு ஏறினேன். தாம்பரத்தில் இறங்கி வீட்டுக் கதவைத் திறந்தபோது தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போயிற்று. தோளில் கிடந்தவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், உடனே மூடிக்கொண்டாள். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. நான் ஆபீசுக்குப் போனேன்.